ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும்: லோரி ஏர்கோன் விசிறியின் பழுதைத் தேடும் அறிவியல்

மாணவர்களே, முற்றாகக் கெட்டுப்போன ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது பெரும்பாலும் எளிது. சற்று நேரம் ஓடி, சற்று நேரம் நின்று, தட்டினால் மீண்டும் ஓடும் பொருள்தான் தொல்லை கொடுக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனதும் அது சமர்த்தாக ஓடும். ‘ஒன்றும் இல்லையே’ என்று அனுப்பிவிடுவார்கள். வழியில் மீண்டும் நின்றுவிடும்.

இப்படி விட்டு விட்டு வரும் பழுது ஒன்றை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். லோரியின் ஏர்கோன் விசிறி திடீரென நிற்கிறது, பிறகு தானே ஓடுகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாம் படிவ அறிவியலிலும் ஐந்தாம் படிவ இயற்பியலிலும் நீங்கள் படிக்கும் மின்சாரப் பாடமே இதற்குப் போதும். வகுப்பில் ‘ஆருஸ்’ என்று படிப்பதை இங்கே மின்னோட்டம் என்றும், ‘வோல்தான்’ என்பதை மின்னழுத்தம் என்றும், ‘ரிந்தாங்ஙான்’ என்பதை மின்தடை என்றும் சொல்கிறோம்.

விசிறி நின்றால் என்ன ஆகும்?

நெகிரி செம்பிலானில் பகாவ், ரந்தாவ், லாபு, லிங்கி வட்டாரங்களின் தோட்டங்களை உங்களில் பலர் அறிவீர்கள். தாத்தா பாட்டி காலத்தில் பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. வெட்டிய செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுசெல்வது லோரி. இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. பழத்தில் அடிபட்டதும் அதிலுள்ள லைப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைத்து, கட்டற்ற கொழுப்பு அமிலத்தைப் பெருக்கத் தொடங்குகிறது. அமிலம் கூடினால் எண்ணெயின் தரம் குறையும். அதனால் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலைகளை ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். வெயிலானாலும் மழையானாலும் லோரி ஓட வேண்டும்.

நண்பகலில் வெளியே 32, 33 டிகிரி செல்சியஸ் வெப்பம் என்றால், கண்ணாடி ஏற்றிய ஓட்டுநர் அறைக்குள் அதைவிட அதிகம் இருக்கும். கண்ணாடி வழியே நுழையும் சூரிய ஒளி உள்ளே வெப்பமாக மாறி, அடைபட்ட காற்றோடு தங்கிவிடுகிறது. இதில் மணிக்கணக்கில் வண்டி ஓட்டுபவருக்கு உடல்நீர் வற்றும், கவனம் சிதறும்.

மழை நாளில் ஆபத்து வேறு விதமாக வரும். மழை முன்கண்ணாடியைக் குளிர்விக்கிறது. ஓட்டுநரின் மூச்சிலும் நனைந்த சட்டையிலும் உள்ள நீராவி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நுண்துளிகளாகப் படிகிறது. சிறிது நேரத்தில் முன்கண்ணாடி வெள்ளையாக மங்கிவிடும். ஏர்கோன் ஓடினால் உலர்ந்த காற்று கண்ணாடி மேல் வீசி அந்தத் துளிகளை ஆவியாக்கும். விசிறி நின்றால் கண்ணாடியைத் துடைக்க ஒரு கை, ஸ்டியரிங்குக்கு ஒரு கை என்றாகிவிடும். நிறைசுமையோடு வழுக்கும் மண் சாலையில் இறங்கும் லோரிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஓட்டுநர் அறையின் வெப்பத்தை வெறும் வசதிக் குறைவாக மட்டும் உலகம் இன்று பார்ப்பதில்லை. இந்தியாவில் 1.10.2025 அன்றும் அதற்குப் பிறகும் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையில் ஏர்கோன் கட்டாயம் என்று அந்நாட்டு அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. லோரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற தமிழ்நாட்டின் நாமக்கல்லிலும் புதிதாக வரும் வண்டிகளுக்கு அந்த விதி பொருந்தும்.

காற்று வரும் பாதை

முதலில் காற்று எப்படி வருகிறது என்று பார்ப்போம். டேஷ்போர்டின் பின்னால் ஒரு சிறிய மோட்டாரும் அணில் கூண்டு போன்ற ஒரு சக்கரமும் உள்ளன. மெக்கானிக்குகள் இதைப் ‘புளோவர்’ என்பார்கள். இது காற்றை உறிஞ்சி, வடிகட்டி வழியாகவும் ஆவியாக்கி என்னும் குளிர்ந்த குழாய்க் கற்றை வழியாகவும் தள்ளுகிறது. அங்கே காற்று வெப்பத்தை இழக்கிறது, ஈரப்பதத்தையும் இழக்கிறது. அந்த ஈரம்தான் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர்.

குளிர்நாடுகளில் ஓடும் வண்டிகளில் இதே பெட்டிக்குள் ஹீட்டரும் இருக்கும். எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீர் ஒரு சிறு குழாய்க் கற்றை வழியே ஓடும். அதன் மேல் இதே புளோவர் காற்றை வீசினால் சூடான காற்று வரும். நம் நாட்டு வண்டிகள் பலவற்றில் ஹீட்டர் இருப்பதில்லை. ஆனால் ஒரு செய்தியைக் கவனியுங்கள்: ஹீட்டரும் ஏர்கோனும் பங்கிட்டுக்கொள்வது ஒரே விசிறியை. ஹீட்டர் உள்ள வண்டியில் குளிர்காற்றும் சூடான காற்றும் ஒரே நேரத்தில் வராமல் போனால், இரண்டுக்கும் பொதுவான விசிறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘காற்று வரவில்லை’ என்பதும் ‘விசிறி ஓடவில்லை’ என்பதும் ஒன்றல்ல. விசிறி ஓடும் சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்றால், ஆவியாக்கியின் மேல் பனிக்கட்டி படிந்து காற்றை அடைத்திருக்கலாம். ஏர்கோனை அணைத்துச் சிறிது நேரம் விட்டால் பனி உருகிக் காற்று திரும்பும். இதுவும் விட்டு விட்டு வரும் பழுதுதான். ஆனால் இதன் காரணம் குளிர்விக்கும் பகுதியில் இருக்கும். எனவே முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம், காது போதும். காற்று நிற்கும்போது விசிறியின் சத்தமும் நிற்கிறதா? நிற்கிறது என்றால் மின்சுற்றைத் தேடலாம்.

மின்சாரம் வரும் பாதை

நடுத்தர, பெரிய லோரிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடரிணைப்பில் இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். இதில் ஒரு நன்மை உண்டு. மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. 240 வாட் வேலைக்கு 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் தேவை, 24 வோல்ட்டில் 10 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால், அதே கம்பியில் வீணாகும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஃபியூஸ், சாவி, ரிலே, வேகச் சுவிட்ச், ரெசிஸ்டர் கட்டு ஆகியவற்றைக் கடந்து மோட்டாரை அடைகிறது. அங்கிருந்து ஒரு கம்பி வழியாக வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு வருகிறது. அந்த இடத்தை ‘எர்த்’ என்பார்கள். சட்டம் வழியாகவே அது பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. (சில வண்டிகளில் வேகச் சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு அடுத்து, எர்த் பக்கத்தில் இருக்கும். அந்தந்த வண்டியின் சுற்றுப்படத்தைப் பார்த்தே தேட வேண்டும்.)

இது ஒரு தொடர் சுற்று. போகும் வழியில் ஓர் இணைப்பு விட்டாலும் விசிறி நிற்கும். திரும்பும் வழியில் ஓர் இணைப்பு விட்டாலும் விசிறி நிற்கும். பலர் போகும் வழியை மட்டும் சோதித்துவிட்டு, திரும்பும் வழியை மறந்துவிடுகிறார்கள்.

நான்கு வேகம் எப்படி வருகிறது?

பழைய முறை வண்டிகளில் விசிறியின் வேகத்தை ரெசிஸ்டர்கள் மாற்றுகின்றன. கணக்கு எளிதாக இருக்க, முழு வேகத்தில் ஓடும் மோட்டாரை 3 ஓம் மின்தடையாகக் கொள்வோம். (உண்மையில் மோட்டார் சுழலும்போது எதிர் மின்னியக்கு விசையும் உண்டாவதால் அது சாதாரண ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளாது. தோராயக் கணக்குக்கு இது போதும்.) ரெசிஸ்டர் கட்டில் 1 ஓம், 2 ஓம், 2 ஓம் என மூன்று சுருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வேகம் 4: ரெசிஸ்டர் வழியே போகாது. மொத்தம் 3 ஓம். மின்னோட்டம் 24 ÷ 3 = 8 ஆம்பியர்.
வேகம் 3: 1 ஓம் சேரும். மொத்தம் 4 ஓம். மின்னோட்டம் 6 ஆம்பியர்.
வேகம் 2: 3 ஓம் சேரும். மொத்தம் 6 ஓம். மின்னோட்டம் 4 ஆம்பியர்.
வேகம் 1: 5 ஓம் சேரும். மொத்தம் 8 ஓம். மின்னோட்டம் 3 ஆம்பியர்.

ரெசிஸ்டரில் எவ்வளவு வெப்பம் பிறக்கிறது? மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள். வேகம் 3-இல் 36 வாட், வேகம் 2-இல் 48 வாட், வேகம் 1-இல் 45 வாட். விசிறி மெதுவாக ஓடும்போதுதான் ரெசிஸ்டர் அதிகம் சூடாகிறது! அதனால்தான் அதைக் காற்று வரும் குழாய்க்குள்ளேயே பொருத்துகிறார்கள். விசிறியின் காற்றே அதைக் குளிர்விக்கும். தோட்டத்துச் செம்மண் தூசி வடிகட்டியை அடைத்துவிட்டால் காற்று குறையும், ரெசிஸ்டர் மிகவும் சூடாகி எரிந்துபோகும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும்.

புதிய வண்டிகள் பலவற்றில் ரெசிஸ்டர் கட்டுக்குப் பதிலாக மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. அது மின்னோட்டத்தை நொடிக்குப் பலமுறை திறந்து மூடி வேகத்தை மாற்றுகிறது. ஆனால் ஃபியூஸ், இணைப்பான், எர்த் ஆகியவை அங்கேயும் உண்டு. தேடும் முறையும் பெரிதாக மாறாது.

அறிகுறிகள் சொல்லும் செய்தி

மருத்துவர் மருந்து எழுதுமுன் கேள்வி கேட்கிறார் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். எந்த வேகத்தில் நிற்கிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் கழித்து நிற்கிறது என்று ஓட்டுநரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு விடையும் சுற்றின் ஒரு பகுதியைக் கைகாட்டும்.

1. வேகம் 4 மட்டும் ஓடுகிறது, மற்றவை ஓடவில்லை: ரெசிஸ்டர் கட்டு எரிந்திருக்கலாம். வேகம் 4 அதன் வழியே போகாததால் தப்பித்துக்கொள்கிறது.

2. வேகம் 4 மட்டும் ஓடவில்லை: அந்த வேகத்துக்கு உரிய ரிலே அல்லது சுவிட்சின் அந்த முனை.

3. எல்லா வேகமும் ஒன்றாக நிற்கிறது: எல்லாவற்றுக்கும் பொதுவான இடம். ஃபியூஸ் பிடிமானம், முதன்மை ரிலே, மோட்டார், அதன் இணைப்பான், எர்த்.

4. மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறது: மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். தட்டும் அதிர்வில் அது மீண்டும் தொடுகிறது.

5. மேடுபள்ளத்தில் நிற்கிறது, தார்ச் சாலையில் ஓடுகிறது: தளர்ந்த இணைப்பு.

6. அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது: வெப்பத்தில் விரிந்து விலகும் இணைப்பு, அல்லது தேய்ந்த மோட்டார்.

7. மழையிலோ வண்டி கழுவிய பிறகோ நிற்கிறது: தண்ணீர் புகுந்த இணைப்பான், துருப்பிடித்த எர்த். ஆவியாக்கியின் நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டு உள்ளேயே சொட்டுவதும் உண்டு.

ஓர் அறிகுறி காரணத்தை உறுதி செய்துவிடாது. எங்கே முதலில் தேட வேண்டும் என்று மட்டுமே சொல்லும். அறிவியலில் இதைக் கருதுகோள் என்கிறோம். கருதுகோளைச் சோதிக்காமல் பொருளை மாற்றுவது பணத்தை வீணாக்கும்.

ஏன் விட்டு விட்டு வருகிறது?

வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மலையும் பள்ளத்தாக்குமாகத் தெரியும். இரண்டு உலோகங்களை அழுத்தி வைத்தால், உயரமான சில முகடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகள் வழியாகவே போக வேண்டும். இறுக்கமான, சுத்தமான இணைப்பில் அப்படிப்பட்ட புள்ளிகள் போதுமான அளவு இருக்கும். திருகு தளர்ந்தால் அவை குறையும். துரு படிந்தால் இடையில் மின்சாரத்தைக் கடத்தாத படலம் வரும்.

அப்போது இணைப்பின் மின்தடை கூடுகிறது. மின்தடை கூடினால் அங்கே வெப்பம் பிறக்கிறது. வெப்பத்தில் உலோகம் விரிகிறது, குளிர்ந்தால் சுருங்குகிறது. இப்படி விரிந்து சுருங்கும்போது பிடி இன்னும் தளர்கிறது. சூடான உலோகம் காற்றோடு விரைவாக வினைபுரிந்து மேலும் படலம் சேர்க்கிறது. மின்தடை இன்னும் கூடுகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சி இது.

ஆனால் ஒரு குலுக்கலில் வேறு இரண்டு முகடுகள் தொட்டுக்கொண்டால் விசிறி மீண்டும் ஓடும். ஆறிச் சுருங்கினாலும் ஓடும். விசிறி தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பழுது அங்கேயேதான் இருக்கிறது.

மீட்டர் ஏமாற்றும் இடம்

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம். விசிறி நின்றதும் பலர் செய்வது இது: மோட்டாரின் இணைப்பானைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். 24 வோல்ட் காட்டும். ‘மின்சாரம் சரியாக வருகிறது, எனவே மோட்டார்தான் கெட்டுவிட்டது’ என்று புதிய மோட்டார் வாங்குவார்கள். அதுவும் சில நாளில் நிற்கும்.

தவறு எங்கே? வழியில் ஓர் இணைப்பு துருப்பிடித்து 1,000 ஓம் மின்தடை கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் மல்ட்டிமீட்டரின் உள்மின்தடை பெரும்பாலும் 10,000,000 ஓம் அளவில் இருக்கும். இரண்டும் தொடரிணைப்பில் 24 வோல்ட்டைப் பங்கிடும்போது, ஏறக்குறைய முழுவதும் மீட்டருக்கே கிடைக்கும். மீட்டர் 24.00 என்று காட்டும். இப்போது அதே இடத்தில் 3 ஓம் மோட்டாரை இணையுங்கள். மொத்த மின்தடை 1,003 ஓம். மின்னோட்டம் 0.024 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைப்பது 0.07 வோல்ட் மட்டுமே! மீதி எல்லாம் துருவில் போய்விட்டது.

அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாயை மூடிவைத்து அழுத்தமானியைப் பொருத்தினால் முழு அழுத்தம் காட்டும். திறந்தால் சொட்டுத் தண்ணீர்தான் வரும். தண்ணீர் ஓடும்போது அளந்தால்தான் அடைப்பு தெரியும்.

எனவே விதி இதுதான்: மோட்டாரைக் கழற்றாமல், அதை ஓடவிட்டு அல்லது ஓட முயலவிட்டு, மின்னோட்டம் பாயும்போது அளக்க வேண்டும். சுற்றின் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு மின்னழுத்த இழப்புச் சோதனை என்று பெயர். நல்ல இணைப்பு ஒன்றில் இழப்பு மிகச் சிறியதாக, 0.1 வோல்ட் அளவில் இருக்கும். ஒரே இணைப்பில் பல வோல்ட் காணாமல் போனால், அங்கேதான் பழுது.

ஒரு லோரியில் தேடிப் பார்ப்போம்

பகாவ் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு லோரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓட்டுநர் சொல்வது: “தோட்டத்து மண் ரோட்டில் ஃபேன் நின்றுவிடுகிறது. பெரிய ரோட்டுக்கு வந்ததும் சில நாள் ஓடுகிறது. நின்றால் எல்லா நம்பரும் நின்றுவிடும். ஓடும்போதும் 4-இல் வைத்தால் முன்போல வேகம் இல்லை.” ஃபியூஸ் ஏற்கெனவே மாற்றியாயிற்று, பயனில்லை.

எல்லா வேகமும் நிற்பதால் ரெசிஸ்டர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மண் ரோடு என்பதால் தளர்ந்த இணைப்பைச் சந்தேகிக்கலாம். வேகம் குறைந்தது என்பது இன்னொரு நல்ல துப்பு. வழியில் எங்கோ கூடுதலாக ஒரு மின்தடை முளைத்திருக்கிறது.

அடுத்த வேலை பழுதை வரவழைப்பது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி, விசிறியை வேகம் 4-இல் வைக்கிறார் மெக்கானிக். அந்த வேகத்தில் ரெசிஸ்டர் பாதையில் இல்லை, கணக்கு எளிது. அரை மணி நேரம் ஓடவிட்டு, கம்பிக் கற்றையை ஒவ்வோர் இடமாக மெதுவாக அசைக்கிறார். ஓர் இடத்தில் விசிறியின் சத்தம் தாழ்கிறது. உடனே அளக்கிறார்.

பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே: 24.0 வோல்ட்.
பேட்டரி நேர்முனையிலிருந்து மோட்டாரின் நேர்முனை வரை இழப்பு: 0.3 வோல்ட்.
மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையே: 17.9 வோல்ட்.
மோட்டாரின் எதிர்முனையிலிருந்து பேட்டரி எதிர்முனை வரை இழப்பு: 5.8 வோல்ட்.

கூட்டிப் பாருங்கள்: 0.3 + 17.9 + 5.8 = 24.0. கணக்கு பொருந்துகிறது. போகும் வழி நன்றாக இருக்கிறது. திரும்பும் வழியில்தான் 5.8 வோல்ட் தொலைகிறது.

இப்போது அந்த வழியைத் துண்டு துண்டாக அளக்கிறார். மோட்டாரிலிருந்து எர்த் கம்பியின் வளையம் வரை 0.1 வோல்ட். வளையத்துக்கும் அது திருகப்பட்ட இரும்புச் சட்டத்துக்கும் இடையே 5.6 வோல்ட். சட்டத்திலிருந்து பேட்டரி வரை 0.1 வோல்ட். ஒரே ஒரு திருகுக்கு அடியில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில் 5.6 வோல்ட்!

மின்னோட்டம் ஏறத்தாழ 6 ஆம்பியர். எனவே அந்த இணைப்பில் 5.6 × 6, அதாவது சுமார் 34 வாட் வெப்பம் பிறக்கிறது. இது ஒரு சிறிய சோல்டரிங் கோலின் திறன். ஆர்.பி.டி. வகுப்பில் அது ஈயத்தை உருக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெப்பம் டேஷ்போர்டின் பின்னால், கம்பிகளுக்கு நடுவே பிறந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கருகிய வாடை வந்தால் அலட்சியம் செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக் திருகைத் திறக்கிறார். அடியில் துருவும் செம்மண்ணும். உப்புத்தாளால் வளையத்தையும் சட்டத்தையும் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே துருத் தடுப்புக் கிரீஸ் தடவுகிறார். மீண்டும் அளந்தால் அந்த இடத்தில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. மோட்டாருக்கு 23 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கிறது. கம்பியை அசைத்தாலும் சத்தம் மாறவில்லை. தேவைப்பட்டது ஒரு துண்டு உப்புத்தாள். புதிய மோட்டார் வாங்கியிருந்தால் பழுதும் போயிருக்காது, பணமும் போயிருக்கும்.

வேலை இன்னும் முடியவில்லை. லோரி மீண்டும் அதே மண் ரோட்டில் குலை ஏற்றிக்கொண்டு போய்வர வேண்டும். பழுது எந்தச் சூழலில் வந்ததோ அதே சூழலில் வராமல் இருந்தால்தான் சரியாயிற்று என்று சொல்லலாம்.

செய்யக் கூடாதவை

- ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரிய ஃபியூஸோ, கம்பித் துண்டோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ வைக்கக் கூடாது. ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பிக் கற்றை எரியும்.
- 24 வோல்ட்டில் சாதாரணமாக ஷாக் அடிக்காது என்றாலும் பேட்டரியைக் குறுஞ்சுற்று ஆக்கினால் ஸ்பேனர் பழுக்கக் காயும். மின்னேற்றம் பெறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகலாம், அருகில் தீப்பொறி கூடாது. மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும்.
- வண்டி ஓடும்போது டேஷ்போர்டின் அடியில் கைவிட்டுப் பார்க்கக் கூடாது. அப்பா, மாமாவின் வண்டியானாலும் மெக்கானிக்கோ பெரியவரோ உடன் இல்லாமல் தொடாதீர்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

தேவையானவை: ‘டபுள் ஏ’ பேட்டரி இரண்டு, டார்ச்லைட் பல்பு ஒன்று, துருப்பிடித்த ஆணி இரண்டு, கம்பி, உப்புத்தாள், மல்ட்டிமீட்டர்.

1. பேட்டரிகளையும் பல்பையும் தொடரிணைப்பில் இணையுங்கள். சுற்றின் ஓர் இடத்தில், இரண்டு ஆணிகளைக் குறுக்காக வைத்து அவற்றின் வழியே மின்னோட்டம் போகும்படி செய்யுங்கள். கம்பி சுற்றும் இடத்தில் மட்டும் ஆணியின் துருவைத் தேய்த்துவிடுங்கள்.
2. ஆணிகளை இலேசாகத் தொடவிட்டு, பிறகு அழுத்தி, பிறகு அசைத்துப் பாருங்கள். பல்பின் ஒளி எப்படி மாறுகிறது?
3. ஒவ்வொரு நிலையிலும் ஆணிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அளந்து அட்டவணையில் எழுதுங்கள்.
4. பல்பைக் கழற்றி, அது இருந்த இடத்தில் மீட்டரை வையுங்கள். எத்தனை வோல்ட் காட்டுகிறது?
5. ஆணிகள் தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, எல்லாவற்றையும் மீண்டும் அளவிடுங்கள்.

லோரியின் எர்த் திருகில் நடந்தது உங்கள் மேசை மேலேயே நடப்பதைக் காண்பீர்கள்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒரு லோரியில் வேகம் 1, 2, 3 ஓடவில்லை, 4 மட்டும் ஓடுகிறது. எர்த் இணைப்பு காரணமாக இருக்க முடியுமா? ஏன்?
2. 3 ஓம் மோட்டாரோடு ஓர் இணைப்பில் 0.2 ஓம் மின்தடை சேர்ந்துள்ளது. 24 வோல்ட்டில் மின்னோட்டம், இணைப்பில் இழக்கப்படும் வோல்ட், பிறக்கும் வெப்பத்தின் திறன் ஆகியவற்றைக் கணக்கிடுங்கள்.
3. ஒருவர் மோட்டார், ரெசிஸ்டர், சுவிட்ச் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினார். விசிறி ஓடுகிறது. பழுதின் காரணம் அவருக்குத் தெரியுமா?

விடைகள்

1. முடியாது. எர்த் எல்லா வேகத்துக்கும் பொதுவானது. அது கெட்டால் வேகம் 4-உம் பாதிக்கப்படும். ரெசிஸ்டர் கட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.
2. மின்னோட்டம் 24 ÷ 3.2 = 7.5 ஆம்பியர். இழப்பு 7.5 × 0.2 = 1.5 வோல்ட். திறன் 7.5 × 1.5 = 11.25 வாட்.
3. தெரியாது. மூன்று மாறிகளை ஒன்றாக மாற்றிவிட்டார். அவற்றைக் கழற்றி மாட்டும்போது ஒரு தளர்ந்த இணைப்பு தற்செயலாக இறுகியிருக்கவும் கூடும். அப்படியானால் பழுது திரும்பி வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து பார்ப்பதே சோதனை முறை.